கோபி இல்லாத பதினொரு பேர்

கிரிக்கெட் ஆடத் தெரியாதவனுக்குத்தான் யார் யார் ஆட வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் கையில் மட்டையைக் கொடுத்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. பந்தைக் கொடுத்தால் ஸ்டம்ப் எந்தப் பக்கம் என்று மறந்துவிடும். (பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்ட அணிக்கு எதிரணியே ஒரு ஆளைக் கடன் கொடுக்கும்.) இருந்தும், இருபத்தொன்பது வயதில், காஞ்சிபுரத்திலேயே என்னைவிடப் பெரிய அணித் தேர்வாளன் கிடையாது என்று நான் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கைதான் என் கல்யாணப் புடவையைப் பாதியில் நிறுத்தியது.

அப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ் ஓரிக்கை ரோட்டில் இறக்கிவிடும். இறங்கியதும் வீட்டுக்குப் போகிற பழக்கம் எங்கள் யாருக்கும் இல்லை. நேராக டீக்கடை. அங்கே எங்கள் பகுதி டென்னிஸ் பந்து அணியான மின்னல் பாய்ஸின் ரசிகர்கள் ஏழெட்டு பேர் கூடுவோம். யார் முதலில் இறங்க வேண்டும், யாரைத் தூக்க வேண்டும் என்று பேசிப் பேசி டீ ஆறிப்போகும். வழி கேட்கிற வெளியூர் வேன்காரருக்கு ஒரு கையால் வரதராஜப் பெருமாள் கோயிலைக் காட்டிக்கொண்டே மறு கையால் ஃபீல்டிங் அமைப்போம். ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் நாராயணன், இடது கை பவுலர் இல்லாத அணி உருப்படாது என்று தினமும் ஒரு முறை சொல்வார். யாரும் பதில் சொல்ல மாட்டோம், ஏனென்றால் ஊரில் இருந்த ஒரே இடது கை பவுலர் அவருடைய மருமகன்.

நான் அணியின் ஸ்கோரர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் வந்த பதவி. என் நோட்டுப் புத்தகத்தில் யார் எத்தனை ரன், யார் எத்தனை கேட்ச் விட்டார் என்று எல்லாம் இருக்கும். அந்தப் புத்தகத்தின்படி கோபி என்கிற கோபிநாத் அணிக்கு ஒரு பாரம். மூன்றாவதாக இறங்கி மூன்று ரன் எடுப்பான். கைக்கு வரும் கேட்சை நெஞ்சில் வாங்குவான். இதை நான் பல மாதங்களாகச் சொல்லிச் சொல்லி, கேப்டன் சலீமின் மெக்கானிக் கடைக்கே போய்ச் சொல்லி, அவர் ஒருநாள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "நீயே டீமை எழுதிக் குடுப்பா முரளி. ஒரே ஒரு தபா. அதுக்கப்புறம் என்னிய வேலை செய்ய வுடு."

வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரையில் நடந்த டோர்னமென்ட்டின் அரையிறுதி அது. எதிரணி வாலாஜாபாத்தே.

இங்கே இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு இருபதாம் நாள் எனக்குக் கல்யாணம். பெண் கீதா, அவளும் வாலாஜாபாத். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. என் அம்மா பெண் வீட்டாரிடம், கடையில் மடித்து வைத்ததை எல்லாம் எடுக்க மாட்டோம், எங்களுக்குத் தெரிந்த தறியில் உங்கள் பெண்ணுக்கென்றே பாவு போட்டு நெய்து தருவோம் என்று மார்தட்டிவிட்டாள். கீதாவே வந்து நிறம் சொன்னாள். மாம்பழ நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. தறி தனசேகர் அண்ணனுடையது. மின்னல் பாய்ஸின் தொடக்க ஆட்டக்காரர் அவர்தான். பேசவே மாட்டார், அவுட்டும் ஆக மாட்டார்.

உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் அது கோர்வை. குறுக்கு நூலை ஓட்டும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவர், ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா போட இன்னொருவர். இரண்டு பேர் கையும் ஒன்றாகப் போனால்தான் கரை உடலோடு சேரும். ஒருவர் எழுந்து போனால் தறி நின்றுவிடும். தனசேகர் அண்ணனுக்குக் கோர்வை போட்டவன் அவருடைய மனைவி செல்வியக்காவின் தம்பி. அந்தத் தம்பியின் பெயர் கோபி.

ஆமாம், அதே கோபிதான்.

இது எனக்குத் தெரியாததா? நன்றாகவே தெரியும். ஞாயிறுதோறும் போய் அந்தத் தறிக்குப் பக்கத்தில் நின்று, புடவை எத்தனை முழம் வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, கீதாவுக்குப் போட்டோ அனுப்புகிறவன் நான்தான். ஆனால் தேர்வாளன் என்பவன் உறவு பார்க்கக் கூடாது என்று ஒரு திமிர். கோபியை எடுத்துவிட்டு, என்னோடு கம்பெனியில் வேலை செய்யும் வினோத் என்கிற ராட்சசனைப் போட்டேன். பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்கும்போதே சிக்ஸர் அடிக்கிற மாதிரி இருப்பான். பன்னிரண்டாவது ஆளாக ஒரு பெயர் வேண்டுமே என்று என் பெயரையே எழுதிக்கொண்டேன். (ஜெயித்தால் குரூப் போட்டோவில் நிற்கலாம் என்கிற சின்ன ஆசை.) வியாழக்கிழமை காலை பஸ்ஸில் உட்கார்ந்தபடி பட்டியலை டோர்னமென்ட் கமிட்டிக்கு அனுப்பினேன். அதையே அணியின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். கீழே கைகூப்புகிற படம் வேறு.

மாலை வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். காலையில் தறியில் இருக்கும்போதே கோபி போனைப் பார்த்தானாம், நாடாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டானாம். "புடவை பாதியில நிக்குது. நீ இன்னாடா பண்ண?" என்றாள் அம்மா. நாட்டுக்கே அணி தேர்ந்தெடுத்தவனைப் போல நிமிர்ந்து நின்றிருந்த என் முதுகு அப்போதுதான் வளைந்தது.

தனசேகர் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் குழியில் காலைத் தொங்கவிட்டுத் தறி முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அவர் ஒரு வாரத்தில் பேசுகிற அளவு அதிலேயே அடங்கிவிட்டது. செல்வியக்காவுக்கும் கோர்வை போடத் தெரியும். தயங்கித் தயங்கி அவர்களைக் கேட்டேன். என் தம்பியை வேண்டாம் என்று எழுதிய கைக்கு நான் புடவை நெய்ய வேண்டுமா என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்கள். வேறு ஆள் பார்க்கலாம் என்றால், முகூர்த்த மாதத்தில் ஊரில் சும்மா உட்கார்ந்திருக்கிற கை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் டீக்கடையில் கோபியைப் பிடித்தேன். கமிட்டியிடம் கெஞ்சிப் பெயரை மாற்றி எழுதுகிறேன் என்றேன். அவன் என்னை முறைக்கக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பதினோரு பேர்ல இல்ல, சரி. பன்னெண்டாவது ஆளா கூட நான் இல்லியாண்ணா? உன் பேரு இருக்குது. என் பேரு இல்ல."

நாராயணன்கூட இடது கையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பட்டியலில் உண்மையிலேயே அசிங்கமான வரி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

கோபி டீயை முடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தீர்ப்புச் சொன்னான். "பாவம் பாத்துக் குடுக்கிற இடம் எனக்கு வேணாம். ஞாயித்துக்கெழமை நீங்க ஜெயிச்சுட்டா நான் தேவையில்லன்னு அர்த்தம், வேற தறிக்குப் போயிடறேன். தோத்தீங்கன்னா திங்கக்கெழமை காலையில வந்து உக்காந்துக்கறேன்."

சனிக்கிழமை நான் செய்த காரியம் முந்தைய எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. கோபி என்ன பெரிய வேலை செய்கிறான், ஒரு நாடாவை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தள்ளுகிறான், இத்தனை வாரம் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு வராதா என்று தோன்றியது. (பத்து வருஷம் பவுண்டரிக்கு வெளியே உட்கார்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?) தனசேகர் அண்ணனிடம் நானே கோர்வைக்கு உட்காருகிறேன் என்றேன். அவருக்கும் வேறு வழியில்லை. சரி என்று தலையாட்டினார்.

நான் நாடாவைப் போட்டால் அது பாதியில் நின்றது. வேகமாகப் போட்டால் அந்தப் பக்கம் தரையில் விழுந்தது. அவர் மிதிக்கும்போது நான் இழுத்தேன். நான் இழுக்க வேண்டிய நேரத்தில் மூக்கைச் சொறிந்தேன். இரண்டு மணி நேரத்தில் நான்கு விரல் அகலம் நெய்தோம். அந்த நான்கு விரலிலும் அரக்குக் கரை மாம்பழ உடலுக்குள் பல்லைப் பல்லைக் காட்டிக்கொண்டு நுழைந்திருந்தது. தனசேகர் அண்ணன் விரலால் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, அவராகவே வாயைத் திறந்தார்.

"போதும்பா. எழுந்துக்கோ."

பிரித்து நெய்யலாம்தான். ஆனால் பிரிப்பதற்கும் இரண்டாவது கை வேண்டும், நாளும் இல்லை. அது அப்படியே தங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை வாலாஜாபாத் மைதானத்தில் வினோத்துக்காகக் காத்திருந்தோம். வினோத் வரவில்லை, மெசேஜ் வந்தது. கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்களாம். சலீம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பட்டியலில் மீதி இருந்த ஒரே பெயர் என்னுடையது. வினோத்துக்கென்று தைத்த ஜெர்ஸியை மாட்டினேன். அது எனக்கு முழங்கால் வரை வந்தது. கோபி எல்லைக் கோட்டுக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். இன்னொரு பக்கம் கீதாவின் அப்பா, தன் ஊர் அணிக்குக் கைதட்ட வந்திருந்தார்.

நாங்கள் முதலில் ஆடினோம். நான் இறங்க வேண்டிய அவசியம் வராதபடி தனசேகர் அண்ணன் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பந்தே வராத மூலையில் நிறுத்தினார் சலீம். ஒன்பது ஓவர் ஐந்து பந்துகள் வரை அது சரியான முடிவாகவே இருந்தது. கடைசிப் பந்து. வாலாஜாபாத் ஜெயிக்க இரண்டு ரன் வேண்டும். அடித்தவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினான். பந்து வானத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் யோசித்து, நேராக என்னை நோக்கி இறங்கியது.

பிடித்தால் மின்னல் பாய்ஸ் இறுதிப் போட்டிக்குப் போகும். கோபி வேறு தறிக்குப் போவான், கீதாவுக்குப் பாதிப் புடவைதான். விட்டால் அணி போய்விடும், புடவை வந்துவிடும். பந்து கீழே வருவதற்குள் இத்தனையும் என் மண்டையில் ஓடியது. அப்புறம் பந்து வந்தது. என் இரண்டு கைக்கும் நடுவில் நுழைந்து தோளில் பட்டுத் தரையில் விழுந்தது. அவர்கள் இரண்டு ரன் ஓடி முடித்தார்கள். வாலாஜாபாத் கூட்டம் மைதானத்துக்குள் ஓடிவந்தது. என் வருங்கால மாமனார் என்னைக் கட்டிப்பிடித்து, "நம்ம ஊர் மாப்பிள்ள" என்று சுற்றியிருந்தவர்களிடம் அறிமுகம் செய்தார். எங்கள் ஆட்கள் பத்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திங்கட்கிழமை காலை கோபி சொன்னபடி வந்து உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு செல்வியக்காவே புடவையைக் கொண்டுபோய்க் கீதாவிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து இந்தக் கதைக்கு இரண்டு வடிவம் உண்டு. டீக்கடை வடிவத்தில், நான் ஒரு புடவைக்காக மேட்சை விற்றவன். கீதாவின் வடிவத்தில், நான் அவளுக்காக இறுதிப் போட்டியையே விட்டுக்கொடுத்தவன். எந்த விசேஷத்துக்கு அந்தப் புடவையைக் கட்டினாலும் அந்த நான்கு விரல் அகலத்தை எடுத்துக் காட்டி, இது அவரே நெய்தது, அப்புறம் எனக்காகக் கேட்சையும் விட்டார் என்று பெருமையாகச் சொல்வாள்.

உண்மை மூன்றாவது வடிவம். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பந்து நெருங்கியதும் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். இதைப் பார்த்த ஒரே ஆள் பைக்கில் உட்கார்ந்திருந்த கோபி. மேட்ச் முடிந்ததும் கடலைத் தோலை ஊதிக்கொண்டே பக்கத்தில் வந்து, "கண்ண மூடிக்கினு நின்னியேண்ணா" என்றான். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். இனிமேல் யார் டீம் எழுதினாலும் முதல் பெயர் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்றான். துரோகி என்கிற பெயரையாவது தாங்கலாம், பயந்தாங்கொள்ளி என்கிற பெயரோடு மணவறையில் உட்கார முடியாது. ஒத்துக்கொண்டேன். பதினொரு வருஷமாகச் சலீமின் கையைக் காலைப் பிடித்துப் பட்டியல் எழுதும் வேலையை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் வரியில் கோபியை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது கோபிக்கு முட்டி வலி வேறு.

போன வாரம் அடுத்த டோர்னமென்ட்டுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். என் மகள் எட்டிப் பார்த்தாள். "கோபி மாமாவால ஓடவே முடியலியேப்பா, ஏன் எப்பவும் அவரையே மொதல்ல எழுதற?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து கீதா குரல் கொடுத்தாள்.

"எழுதறப்பவாவது கண்ணத் தொறந்து வெச்சுக்கினு எழுதச் சொல்லு உங்கப்பாவ."

எனக்குக் கை நின்றுவிட்டது. மெதுவாக விசாரித்தேன். அந்தத் திங்கட்கிழமையே தறியில் உட்கார்ந்துகொண்டு கோபி தன் மாமாவிடம் சொல்லியிருக்கிறான். பேசாத தனசேகர் அண்ணன் செல்வியக்காவிடம் பேசியிருக்கிறார். செல்வியக்கா புடவையோடு சேர்த்து இதையும் கீதாவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் அவள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள், எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருஷமும் ஊர் முழுக்க என்னைத் தியாகி ஆக்கிக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டது எனக்கு.

அடுத்த நிமிடமே கோபியின் மேல் ஆத்திரம் வந்தது. காக்காத ரகசியத்துக்குப் பதினொரு வருஷம் முதல் இடம் வாங்கியிருக்கிறான். பேனாவால் அவன் பெயரை அடிக்கப் போனேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் அக்கா மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், அவளுடைய முகூர்த்தப் புடவை தனசேகர் அண்ணன் தறியில் பாதியில் இருக்கிறது. பேனாவை மூடி வைத்தேன்.