தளபதி திருத்திய தப்புகள்

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி வக்கீல் இருந்தது. வாரச்சந்தையில் கடலை விற்று, அந்தக் காசில் சட்டம் படித்த பெருச்சாளி. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எழுத்து மட்டும் கோணல். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அது எங்கே போய் முட்டிக்கொள்ளும் என்று அதற்கே தெரியாது.

செந்நாய்ப் படை பிடித்துக்கொண்டு போன ஒரு முள்ளம்பன்றிக்காக அது மனு மேல் மனு போட்டது. மனுக்களை மட்டும் கொக்கு குமாஸ்தாவிடம் கொடுத்து, ஒரு புள்ளிகூடத் தவறாமல் எழுதி வாங்கும்.

"அப்படி ஒரு முள்ளம்பன்றி எங்களிடம் இல்லவே இல்லை" என்று படை ஒரே வரியில் பதில் சொல்லும்.

"மனு அருமையான நடையில் இருக்கிறது. தள்ளுபடி" என்று யானை நீதிபதி சொல்லும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெருச்சாளி, தான் வாதாடிய கைதிகளின் கதையைத் தானே உட்கார்ந்து புத்தகமாக எழுதியது. திருத்தித் தர வந்த கொக்கை, "போய்யா, உன் தமிழ் கிழிச்சது போதும்" என்று துரத்தியது.

வெளியீட்டு விழாவுக்கு யானை நீதிபதி தலைமை. விமர்சன உரை செந்நாய்த் தளபதி. பெரிய பண்டிதர் என்று பெயர். முகாமில் வணக்கத்தைத் தப்பாகச் சொன்னால்கூட உதைக்கும். முன் வரிசையில் முள்ளம்பன்றியின் மனைவி, முள்ளெல்லாம் சிலிர்த்தபடி உட்கார்ந்திருந்தது.

தளபதி மைக்கைத் தட்டியது. "சபையோரே, பக்கத்துக்குப் பக்கம் பிழை! இதைக் கேளுங்கள்: 'முள்ளம்பன்றி சிப்பாய்களைக் கட்டிப் போட்டு நாள் கணக்கில் தண்ணீர் தரவில்லை.' யார் யாரைக் கட்டிப் போட்டது? என் படைக்கு எவ்வளவு கேவலம்!"

கூட்டம் சிரித்து உருண்டது. பெருச்சாளிக்குக் காது சுட்டது. வாய்க்கு வந்தபடி திட்டத்தான் எழுந்தது. எழுந்த இடத்தில், சந்தையில் கடலை மூட்டைக்குப் பேரம் பேசிய ஞாபகம் வந்துவிட்டது. எதிராளி வாயிலிருந்து அசல் விலை வர வேண்டுமென்றால் நாம் அடிமாட்டு விலைக்குக் கேட்க வேண்டும். கொதித்துப்போய் அவனே கக்கிவிடுவான்.

"ஐயா, அதுல என்ன தப்பு? சரியாத்தானே எழுதியிருக்கேன்" என்றது.

"சரியா? சிப்பாய்கள்தான் முள்ளம்பன்றியைக் கட்டிப் போட்டாங்கன்னு எழுதம்மா!"

"நூலாலதானே?"

"நூலா! முள்ளம்பன்றி நூலுக்கு அடங்குமா? சங்கிலி! இரும்புச் சங்கிலி! சொல்லைத் தேர்ந்து போட வேண்டாமா?"

"அப்போ அடைச்சு வச்ச இடம் ஆத்தங்கரைத் தோப்புன்னு போட்டது?"

"தோப்பாம் தோப்பு! அதுக்குப் பேர் குகை. அருவிக்குப் பின்னாடி இருக்கிற குகை. இப்பவும் அங்கேதான் கிடக்கு, வேணும்னா போய்ப் பார்த்துட்டு வந்து எழுது!"

சொல்லிவிட்டுத் தளபதி கைதட்டலுக்குக் காத்திருந்தது.

"உசுரோட இருக்காரா?" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. முள்ளம்பன்றியின் மனைவி.

யானை தன் பொன்னாடையை மெதுவாகக் கழற்றி வைத்தது. நீதிபதிக்கும் மானம் உண்டு. மைக் வேறு ஓடிக்கொண்டிருந்தது. "தளபதி, இந்தக் கூட்டம் கலைவதற்குள் அந்த முள்ளம்பன்றி இங்கே வர வேண்டும்" என்றது.

வந்தது. இளைத்து, பாதி முள் உதிர்ந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததும் அதற்கு முகம் சுருங்கியது.

"வக்கீலம்மா, என்னைப் பத்தி இப்படியா எழுதுவீங்க? ஒரு வரி விளங்கலியே. அடுத்த பதிப்புலயாவது அந்தக் கொக்கை விட்டுத் திருத்தி..."

"வாயை மூடிக்கிட்டு வீடு போய்ச் சேரு. உன்னை மாதிரியே பிடிபட்ட மரநாய் இன்னும் உள்ளே இருக்கு" என்று சீறிய பெருச்சாளி, அங்கேயே அடுத்த புத்தகத்தை ஆரம்பித்தது. புதிதாக வரப்போகும் தளபதி இன்னும் பெரிய பண்டிதர் என்று கேள்வி. முதல் வரி இப்படி இருந்தது: 'ஒரு நாள் மரநாய் படையைப் பிடித்துக்கொண்டு போனது.'

நீதி: பிழையில்லாமல் எழுதினால் பாராட்டித் தள்ளுபடி செய்வார்கள், பிழையோடு எழுதினால் மேடையேறி உண்மையைச் சொல்லித் திருத்துவார்கள். ஆகவே குழந்தைகளே, நீங்கள் இலக்கணம் படிக்க வேண்டாம். எதிரி படித்திருந்தால் போதும்.