சங்ககிரியில் நான் மயங்கி விழுந்த ஆராய்ச்சி

படித்தவன் செய்கிற முட்டாள்தனத்துக்கு மட்டும் மரியாதையாக ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் செய்ததற்குப் பெயர் 'கள ஆய்வு'.

எண்பதுகளின் தொடக்கத்தில் எம்.ஏ. உளவியல் கடைசி வருடம். பொது இடத்தில் ஒருவன் மயங்கி விழுந்தால் எத்தனை பேர் உதவிக்கு வருவார்கள் என்பது என் ஆய்வு. நடிப்பு என்று முன்கூட்டி யாருக்கும் தெரியக் கூடாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். (இந்தப் பின்பாதி நடந்த அன்று நான் வகுப்பில் தூங்கியிருக்க வேண்டும்.)

இடம், சங்ககிரி லாரி ஸ்டாண்டு. விழுவதற்கு நான். எதிர் டீக்கடையில் கடிகாரமும் நோட்டுமாக நண்பன் செங்கோடன். எனக்கு அப்போது வெண்ணந்தூரில் சரோஜாவை நிச்சயம் செய்திருந்தார்கள். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே கிறுகிறுத்துப் போயிருந்தேன்.

விழுந்தேன். வெறும் மயக்கம்தான் திட்டம். விழுந்த உற்சாகத்தில் கை காலையும் சேர்த்து உதறிவிட்டேன்.

"ஐயோ, வலிப்புங்க! கையில இரும்பு குடுங்க!"

வேறு ஊரென்றால் சாவிக்கொத்தோடு போயிருக்கும். லாரிக்காரர்களிடம் இரும்புக்கா பஞ்சம்? ஒரு டிரைவர் ஜாக்கி லீவரையே தூக்கி வந்து என் கையில் வைத்தார், பாதி விரல்மேல். நிஜமாகவே அலறினேன். "முத்திப் போச்சு, அமுக்கிப் புடிங்க!" என்று நாலு பேர் என் மேல் உட்கார்ந்தார்கள்.

"ஏன்டா, ஒரு உசுரு துடிக்குது, நீ எழுதிட்டா இருக்கற?" என்று செங்கோடன் முதுகில் யாரோ வைத்த அடி எனக்கே கேட்டது.

அப்போது என் தலையைத் தாங்கியிருந்தவர், "நம்ம சரோஜாவுக்குப் பாத்த பையனாட்ட இருக்குதே!" என்றார். ஒரு கண்ணை மட்டும் திறந்தேன். சரோஜாவின் சித்தப்பா! லாரி வைத்திருப்பவர். உண்மையைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் திறந்த கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாளே கல்யாணம் வேண்டாமென்று வெண்ணந்தூரிலிருந்து ஆள் வந்தது. செங்கோடனை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"அது நடிப்புங்க மாமா. ஆராய்ச்சி!"

சரோஜாவின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வலிப்புன்னா வைத்தியம் பாத்துக்கலாம் சாமி. பொய்யா உழுந்து ஊரையே பதற வெக்கறதுக்கு எங்க போயி வைத்தியம் பாக்கறது?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வந்தது: "எத்தன பேரு ஓடியாந்தாங்களாம்? கேளுங்கப்பா."

"அத்தன பேருமேங்க," என்றான் செங்கோடன். "உக்காந்திருந்தது நான் ஒருத்தன்தானுங்க."

உள்ளே சிரிப்புச் சத்தம். மாமா மீசையைத் தடவி மறைத்துப் பார்த்தார், முடியவில்லை. "ஸ்டாண்டுக்குப் போயி ஒவ்வொருத்தருகிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

போனேன், கேட்டேன். ஜாக்கி லீவர்காரர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு வண்டி நிறைய ஆட்களோடு வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குத் தலைவலி வந்தால்கூட யாரும் நம்புவதில்லை. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து சத்தம் போட்டேன்.

"ஏனுங்க, நெசமாவே உழுந்தீங்களா, ஆராய்ச்சிக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் சரோஜா ஓடி வந்தாள்.