என் கல்யாணத்தைத் தள்ளிவைத்த ஃபோல்டர்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இப்போது இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். 2007-ல் சொல்லியிருந்தால் என் கல்யாணம் குறித்த தேதியில் நடந்திருக்கும்.

தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ராமநாதபுரத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கிளாஸில் உட்கார்ந்துவிட்டு வந்தேன் (பாதி நாள் ஏசிக்காக). அண்ணன் எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து எங்கள் மாதா கோவில் டைப்பிங் முழுக்க என் தலையில். அதில் முக்கியமானது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் உண்டா என்று ஊரைக் கேட்பார்கள். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி.

அந்த முறை வாசிக்க வேண்டியது என் ஓலை. எனக்கும் ரோஸ்லினுக்கும். மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும், அதில் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது. ஒரு ஞாயிறு தவறினாலும் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில், கோவில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் ஓலை வாங்க வந்தார். முந்தின நாளே டைப் அடித்து வைத்திருந்தேன். பிரிண்ட் எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது. ஆனால் யாரோ ஃபார்மட் அடித்ததிலிருந்து (யாரோ என்ன, நான்தான்) என் ஃபோல்டர்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. பாட்டு இருக்கும் இடத்தில் பயோடேட்டா, பயோடேட்டா இடத்தில் ஞானஸ்நானப் போட்டோ. டி டிரைவில் அநாதையாகக் கிடந்த பழைய ஃபோல்டரை மை டாக்குமெண்ட்ஸில் சேர்த்துவிடலாம் என்று அப்போதுதானா எனக்குத் தோன்ற வேண்டும்! உபதேசியார் முன்னால் வித்தை காட்டும் ஆசை, வேறென்ன.

“ஏலே அந்தோணி, தாளக் குடுலே. சோலி கெடக்கு.”

“ஒரு நிமிசம்ணே. எல்லாத்தையும் அதது எடத்துல வச்சிட்டு வாரேன்.”

இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யெஸ். மறுபடி கேட்டது. யெஸ். மூன்றாவது தடவை எரிச்சலில் ‘யெஸ் டு ஆல்’ கொடுத்தேன். பிறகு ‘ஓலை’ என்ற ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரிண்ட். (யார் கல்யாணமானாலும் ஃபைலுக்கு ‘ஓலை’ என்றே பெயர் வைக்கும் அறிவாளி நான்.) உபதேசியார் கண்ணாடி கொண்டுவரவில்லை. அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பங்குச் சாமியார் ஊருக்கு வந்து ஒரு மாதம்தான். யார் எவர் என்று தெரியாது. கணீரென்று வாசித்தார். “முதல் ஓலை. சூசைக்கும் பிலோமினாவுக்கும்...”

அவர்களுக்குப் போன வருடமே கல்யாணம் முடிந்துவிட்டது. பிலோமினா மூன்றாவது வரிசையில் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். மொத்தக் கோவிலும் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தது.

“தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்...”

“இருக்கு சாமி!” பிலோமினா எழுந்துவிட்டாள். “இந்தா, பிள்ளைக்கு ரெண்டு மாசமாச்சு! எங்களுக்குக் கல்யாணமாகி வருசம் ஒண்ணாச்சு. எவன் இத டைப் அடிச்சது?”

பின்னாலிருந்து சூசை, “எனக்கு ஒரு தடவ பட்டதே போதும் சாமி” என்றான். கோவில் குலுங்கிச் சிரித்தது. அப்போதே எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் குனிந்து புதுச் சட்டையின் பொத்தானை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்தபின் ஓடிப்போய்க் கெஞ்சினேன். “நான் பேரச் சொல்றேன், இப்பவே வாசிச்சிருங்க சாமி.”

“ஆளெல்லாம் கலைஞ்ச பெறகு செவுத்துக்கா வாசிக்க? அடுத்த ஞாயித்துக்கெழமைதான் முதல் ஓலை.”

வாசலில் ரோஸ்லின் நின்றாள். கண் கலங்கியிருந்தது. “ஊருக்கெல்லாம் ஓலை அடிக்கிறீக. நம்ம ஓலைய ஒரு தடவ வாசிச்சுப் பாக்கக் கூடாதா?” கல்யாணம் ஈஸ்டர் கழித்துத்தான் நடந்தது.

இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பினால், வாங்க வேண்டியதை மூன்று தடவை சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். ரோஸ்லின் அடுப்படியிலிருந்து எண்ணுவாள். மூன்றாவது முடிந்ததும் மகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இதுக்குத் தடை ஏதும் உண்டா?” என்பாள்.

ஒரு தடவை, “உண்டு” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப, சோறு ஈஸ்டர் கழிச்சுத்தான்” என்றாள் ரோஸ்லின்.