வரைக்கும்காரரின் லூப்

‘வரைக்கும்காரர்’ என்றொரு இனம் உண்டு. பத்தில் நாலைப் பொறுக்கச் சொன்னால் பொறுக்க மாட்டார். இந்த ஓரத்தில் ஒரு விரல், அந்த ஓரத்தில் ஒரு விரல் வைத்து, “இது முதல் அது வரைக்கும்” என்பார். மீன்காரியிடமும் அப்படித்தான், சாப்பாட்டுக் கடையிலும் அப்படித்தான். பொறுக்குவது அற்பர் வேலை அல்லவா?

பாறசாலையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சுந்தரதாஸ் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. தொண்ணூற்றெட்டில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண், வெள்ளறடை ரெஷ்மா. பெண்ணின் அப்பா ஞானசிகாமணிக்கு ஒரே நிபந்தனை: ரப்பர் தோட்ட எல்லைக்காகத் தன்மேல் வழக்குப் போட்டிருக்கும் கனகதாஸ் கல்யாணத்துக்கு வரக்கூடாது. கனகதாஸ், மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா.

அழைப்பிதழ் உறைகளில் விலாசம் அச்சடிக்க சுந்தரதாஸ் சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ‘உறவுக்காரர்’ என்றொரு கிளாஸ், அதாவது விவரங்களுக்கான வார்ப்பு, எழுதினார். உறவு வகைகளை ‘எண்யூமரேட்டட் டைப்’ என்று வரிசையாகப் பெயரிட்டு அடுக்கினார்: தாய்வழி, தந்தைவழி, வழக்குவழி, சபை, அயல்வீடு. சித்தப்பாவுக்காகவே மூன்றாவது வகை. அதை விட்டு மற்றவை அச்சாக வேண்டும்.

“அண்ணா, வேண்டிய நாலெண்ணத்த மட்டும் ஒரு அரேயில, தனிப் பட்டியலா, போட்டு லூப் ஓட்டினா போராதா?” என்றாள் அங்கே படித்த நீது.

“எதுக்கு மக்கா? தொடக்கம் உண்டு, கடைசி உண்டு. எடையில உள்ளது தானா வரும். அதாக்கும் லூப்பு!”

தாய்வழி முதல் அயல்வீடு வரைக்கும் லூப் ஒவ்வொன்றாக எடுத்து அச்சடித்தது; இடையில் இருந்த வழக்குவழியும் தானாகவே வந்தது. கல்யாணத்தன்று சர்ச்சில் முதல் பெஞ்சில், குடும்பத்தோடு, புதுச்சட்டையில்.

“விளிச்சான், வந்தோம்” என்றார் கனகதாஸ்.

சுந்தரதாஸ் பதறி மாமனாரிடம் ஓடினார். “மாமா, அது லூப்பு செய்த வேலையாக்கும்!”

ஞானசிகாமணி காதிலேயே வாங்கவில்லை. “எங்க ஆளுவ எழும்புங்க! முன்னால இருக்கியவன் முதல் பின்னால நிக்கியவன் வரைக்கும், ஒருத்தரும் இருக்கப்பிடாது!”

நடுவே, பூச்செண்டும் கையுமாக நின்ற ரெஷ்மா மெல்லக் கேட்டாள்: “அப்பா, அப்பம் நானுமா?”

அவர் வாசலைக் காட்டினார். “சொன்னது சொன்னதாக்கும். நட.”

மாமனாரும் தன் இனமே என்று சுந்தரதாஸுக்கு அப்போதுதான் தெரிந்தது. தாலி கையிலேயே இருந்தது. சித்தப்பா மட்டும் தோளைத் தட்டி, “சாப்பாடு உண்டும்லா?” என்று விசாரித்தார்.

சிரிக்கிறீர்களே, ஒன்று கேட்கட்டுமா? இதைப் பொறுக்கிப் படித்தீர்களா, முதல் வரி முதல் இந்த வரி வரைக்குமா?