டிக் போட்டால் போட்டதுதான்

ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த ஹார்ட் டிஸ்கைச் சரிசெய்யாவிட்டால் பின்னறையைக் காலி செய்து மனைவி மேவிஸிடம் ஒப்படைத்துவிடுவதாக டெரிக் ஹார்கிரீவ்ஸ் சபதம் செய்தார். அதோடு விட்டிருக்கலாம். பக்கத்து வீட்டு கோர்டனைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டார்.

டாட்மார்டன் ஊரில் மலைச்சரிவை ஒட்டிய வரிசை வீடுகளில் உபரியாக ஓர் அறை இருப்பதே பெரிய விஷயம். அந்த அறையில் பதினாறு வருடமாக டெரிக்கின் பழைய கம்ப்யூட்டர் குடியிருந்தது. மேவிஸின் தையல் மெஷின் மாடிப்படிக்குக் கீழே, மழைக்கோட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. பட்டப்பகலில் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு டார்ச் லைட் தேவைப்பட்டது.

கம்ப்யூட்டருக்குள் இருந்ததெல்லாம் மழை. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தோட்டத்தில் புனல் வைத்து, டெரிக் தன் கையால் அளந்து எழுதிய மழை. அன்று திறந்து பார்த்தால், 1994 மார்ச்சில் நாற்பது அடி பெய்திருந்தது.

"நாப்பது அடியா? நாம அப்பவே முழுகிப் போயிருக்கணுமே" என்றாள் மேவிஸ், டீயை வைத்தபடி.

"மழை பெய்யல மேவிஸ். டிஸ்க் உளறுது."

"தூக்கிக் கொட்டகையில வையேன்."

"கொட்டகையிலயா? அங்க சிலந்தி இருக்கு!"

"இங்க நான் இருக்கேன். பரவாயில்லையா?"

அப்போதுதான் சபதம் பிறந்தது.

இந்த மாதிரிப் பழைய மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். சரிபார்த்ததை நோட்டில் எழுதி டிக் போட வேண்டும். டெரிக் மூன்றாவதாக ஒன்றைச் சொந்தமாகச் சேர்த்திருந்தார்: டிக் போட்டதைத் திரும்பத் தொடக் கூடாது.

திங்கட்கிழமை கம்பிகளை எல்லாம் கழற்றித் துடைத்து மாட்டினார். டிக். டிஸ்க் பெட்டியின் பின்னால், கம்பி வரிசை முடிகிற இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு மூடி உண்டு. அது இல்லாவிட்டால் போகிற செய்தி முனையில் முட்டித் திரும்பிவந்து, அடுத்ததோடு மோதி, எல்லாம் குழம்பிவிடும். மூடி இருந்தது. டிக். பிளாப்பிகளிலிருந்து மழையை மறுபடி ஏற்றினார். 1994 மார்ச்சில் நான்கு அங்குலம். விசிலடித்துக்கொண்டே கோர்டன் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் பெருமையடித்தார்.

திரும்பி வந்து பார்த்தால் ஜூன் மாத மழை மைனஸ் ஒன்பது அங்குலம். பெய்ததை வானம் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தது.

"மில் ஆபீஸ்ல நானும் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் ரூம்ல இருந்தவதான். அந்தக் கடைசி மூடியைப் பாத்தியா?" என்று கேட்டாள் மேவிஸ்.

"காலையிலேயே டிக் போட்டாச்சு."

"இன்னொரு தடவை பாக்கலாமே."

"டிக் போட்டா போட்டதுதான்."

"சரிப்பா, கோவிச்சுக்காத."

செவ்வாய்க்கிழமை டெரிக்குக்கு ஞானோதயம் பிறந்தது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டுக் கரண்டில் இருக்கிறது!

"மேவிஸ், இன்னிக்கு நீ வாக்குவம் கிளீனர் போடக் கூடாது."

"அப்ப வீட்ட யாரு பெருக்குறது?"

"ஒரு நாளைக்குத்தானே? நான் பெருக்குறேன்."

பெருக்கினார். மழை சரியாகவில்லை. புதன்கிழமை வாஷிங் மெஷினை நிறுத்தினார். ஒரு தடவை சந்தேகம் வந்த எதையும் முழுசாக விடுதலை செய்வது அவர் வழக்கமில்லை. ஆகவே வாக்குவம் கிளீனரும் நின்றபடியே இருந்தது. குளியல் தொட்டியில் முட்டி போட்டு டெரிக் படுக்கை விரிப்பைக் கசக்கும்போது மேவிஸ் வாசலில் நின்று பார்த்தாள்.

"நல்லா அலசு கண்ணு. நுரை போகல. ஆமா, அந்த மூடி..."

"மேவிஸ்!"

வியாழக்கிழமை இஸ்திரிப்பெட்டி நின்றது. வெள்ளிக்கிழமை கரண்ட் அடுப்பும் போனது. தோட்டத்தில், குடை பிடித்துக்கொண்டு, டெரிக் கரி அடுப்பில் சாசேஜ் வாட்டினார். அன்றைய மழையைப் புனல் ஒழுங்காகப் பிடித்தது. கம்ப்யூட்டர் அதைப் பனிப்பொழிவு என்று பதிவு செய்தது.

சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த மேவிஸுக்கு இந்த வாரம் மிகவும் பிடித்துப்போயிருந்தது. சனிக்கிழமை கோர்டன் எட்டிப் பார்த்தபோது அவன் முன்னாலேயே மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"டெரிக், கடைசியா கேக்குறேன். அந்த மூடி?"

"கோர்டன், நீயே சொல்லுப்பா. டிக் போட்டத மறுபடி பாத்தா அப்புறம் நோட்டு எதுக்கு?"

"நோட்டு எதுக்கு!" என்றான் கோர்டன், சாசேஜை மென்றுகொண்டே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. 1994 மார்ச்சில் மறுபடி நாற்பது அடி. டெரிக்குக்கு அழுகை வந்தது. ஆனால் வாக்கு வாக்குதான். கோர்டன் ஒரு பக்கம் பிடிக்க, கம்ப்யூட்டர் தோட்டத்தைக் கடந்து கொட்டகைக்குப் போனது. தையல் மெஷின் பின்னறை ஜன்னலுக்கு வந்தது. சிலந்திகள் நகர்ந்து இடம் கொடுத்தன.

டிஸ்க் பெட்டியைச் சுவரோரம் திருப்பி வைக்கும்போதுதான் டெரிக் அதன் முதுகைப் பார்த்தார். கடைசி முனை வெறும் ஓட்டையாக இருந்தது. செருப்புச் சேற்றோடு வீட்டுக்குள் ஓடினார்.

ஜன்னல் வெளிச்சத்தில் மேவிஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். டார்ச் லைட் இல்லாமலே.

"மேவிஸ்! மூடியக் காணோம்!"

"அப்படி இருக்காதே. டிக் போட்டிருக்கியே."

மேவிஸ் பட்டன் டப்பாவைத் திறந்து, நீலப் பட்டன்களுக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவு மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது மோசடி! இது... நீ எப்ப எடுத்த?"

"திங்கக்கிழமை, நீ கோர்டன் வீட்டுல பெருமையடிச்சிட்டு இருந்தப்ப. மூணு தடவை கேட்டேன் டெரிக். மூணாவதுக்குக் கோர்டனே சாட்சி."

"ஒரு வாரமா நான் பெருக்கி, தொவைச்சு, மழையில சாசேஜ் வாட்டி..."

"அதெல்லாம் நீயா பண்ணினது கண்ணு" என்றாள் மேவிஸ், முதல் தையலைப் போட்டபடி. "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்னு சொன்ன. நான் ஒண்ணே ஒண்ணுதான் மாத்தினேன்."