டீமேக்கர் சின்னராஜின் நாக்கு

"ஏனுங்க, அந்தச் சுவத்துல இருக்கறது நீங்களாட்ட இருக்குது?"

கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் நின்ற பாலாமணி, எதிர்ச்சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்த சின்னராஜ் நிமிர்ந்து பார்த்தார். வாயிலிருந்த நுரை அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

போஸ்டரில் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே, அவளைவிடப் பெரிதாக, அரைக்கண் மூடி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது சின்னராஜின் முகம். 'பனியில் ஒரு வெறி' என்று ரத்தம் சொட்டும் எழுத்து. மூலையில் வட்டத்துக்குள் ஒரு 'ஏ'.

"நான்தான். ஆனா நானில்ல புள்ள!"

"பொம்பள குளிக்கறத நாக்கத் தொங்கப்போட்டுப் பாக்கறது நீங்க இல்லாம, எதுத்தூட்டுக்காரரா?"

"அது பொம்பளையப் பாத்து நீட்டுன நாக்கில்ல. டீயப் பாத்து நீட்டுனது!"

உண்மை அதுதான். சின்னராஜ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில், டீத்தூளை ருசி பார்த்துத் தரம் சொல்லும் டீமேக்கர். இலை விலை விழுந்து, ஃபேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் நாலு பேர் கேமராவோடு வந்தார்கள். "தேயிலைத் தொழிலைப் பத்திப் படம் எடுக்கறோம். நீங்க டீயை ருசி பார்த்து, தேயிலைகிட்டயே மனசு விட்டுப் பேசுங்க" என்றார்கள். சும்மா இருந்த மனிதர், இருந்த ஏக்கத்தையெல்லாம் கொட்டிப் பேசிவிட்டார்.

"இன்னிக்கு மூணு மணிக்குக் குன்னூர் எஸ்டேட்டுலருந்து ஜீவிதாவ உறுதி பண்ண வர்றாங்க. ஞாபகம் இருக்குதா?" என்றாள் பாலாமணி. "மாப்பிள்ளையோட அப்பா லிங்கசாமி லேசுப்பட்ட ஆளில்ல. எதுக்கால பொம்பள வந்தா ரோட்டுக்கு அந்தப்பக்கம் போயிடற மனுசன்."

உள்ளேயிருந்து மகள் ஜீவிதா எட்டிப் பார்த்தாள். "அப்பா, எனக்கு அவரைத்தான் புடிச்சிருக்குது. இது தட்டிப்போச்சுன்னா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். நாக்க உள்ள வெச்சுட்டு ஏதாச்சும் பண்ணுங்க."

சின்னராஜ் போஸ்டரைக் கிழித்துப் பார்த்தார். பசை கெட்டி, நகம்தான் கிழிந்தது. வீட்டில் சிறு விவசாயிகள் சங்கத்து நோட்டீஸ் ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து படத்தின் பெயர் மேல் ஒட்டினார். முகத்தை மறைக்க இன்னொரு நோட்டீஸ் இல்லை.

இப்போது குளிக்கும் பெண், நீட்டிய நாக்கு, அதன் கீழே கொட்டை எழுத்தில், 'நியாய விலை கொடு!'

பத்தே நிமிஷத்தில் தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"இந்தம்மா எந்தச் சங்கமுங்க?" என்று கேட்டார் தேயிலை மூட்டையோடு வந்த ஒருவர். "போராட்டம்னா இப்படியில்ல இருக்கோணும்! என்னைக்குங்க? ஊட்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்துடறேன்."

இனிப் படத்தையே நிறுத்தினால்தான் ஆயிற்று என்று தியேட்டருக்கு ஓடினார் சின்னராஜ். தியேட்டர் முதலாளி ஆறுக்குட்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"வாங்ணா, வாங்ணா! உள்ள உங்க சீன்தான் ஓடுது!"

திரையில் அருவி. அருவியில் அந்த முதுகு. அடுத்த நொடி சின்னராஜின் முகம். 'ஸ்ர்ர்ர்' என்று ஓர் உறிஞ்சல்.

"ஆகா! என்ன நிறம்! என்ன பாடி!"

டீ வாயில் கெட்டியாக நிற்பதற்குத் தொழிலில் 'பாடி' என்று பெயர். அதை இந்த விசில் சத்தத்துக்கு நடுவில் யாருக்கு விளக்குவது?

"ஒரு காலத்துல உன்னையத் தேடி எத்தனை பேரு வந்தாங்க! இன்னிக்கு ஏறெடுத்துப் பாக்க நாதியில்ல. யாரு விட்டாலும் நான் உன்னைய விடமாட்டேன்!" என்றது திரை. முன்வரிசையில் ஒருவர் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்.

"ஆறுக்குட்டி, உன்னையக் கும்பிட்டுக் கேக்கறேன். இன்னிக்கு ஒருநாளாச்சும் நிறுத்து. மூணு மணிக்கு எங்கூட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க."

"மூணு மணிக்கு ஊட்லதான் இருப்பீங்களா? அது போதுமுங்ணா!"

என்ன போதும் என்று சின்னராஜுக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்று மணிக்கு லிங்கசாமியும் அவர் மனைவி மருதாம்பாளும் வந்தார்கள். போஸ்டர் கண்ணில் படாமலிருக்க அவர்களைப் பின்பக்கமாக, முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் இறக்கி ஏற்றிக் கூட்டிவந்தார் சின்னராஜ். மருதாம்பாளின் பட்டுப்புடவையில் முழங்கால்வரை சேறு. லிங்கசாமி குனிந்த தலை நிமிராமல் பஜ்ஜியைப் பிட்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. உச்சியில் குழாய் ஒலிபெருக்கி.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! பெண்ணின் முதுகைக் கண்டே பித்துப் பிடித்தவர், நம் மண்ணின் மைந்தர், வெறிநாயகன் சின்னராஜ், இதோ இந்த வீட்டில்தான் இருக்கிறார்!" ஆறுக்குட்டி மைக்கை வாயோடு ஒட்டிவைத்து உறிஞ்சினார். "ஸ்ர்ர்ர்! என்ன பாடி!"

லிங்கசாமியின் கையிலிருந்த பஜ்ஜி தரையில் விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"கெளம்பலாம் மருதாம்பா. இந்தச் சம்பந்தம் ஒத்துவராது."

சமையலறையில் ஜீவிதா விசும்பும் சத்தம் கேட்டது. சின்னராஜ் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றார்.

"சாமி சத்தியமா நான் பாத்தது டீக் கிண்ணத்தைங்க! அந்தப் பொம்பளைய நேர்ல கண்டதே கிடையாது. பொம்பள முதுகப் பாத்து அப்படிப் பேசற ஆளா நானு? வெட்டி ஒட்டி என்னையக் காமாந்தகாரனா ஆக்கிப்போட்டாங்க!"

"வழிய விடுங்க," என்றார் லிங்கசாமி. அவர் சின்னராஜின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நான் அந்த முதுகையே இன்னிக்குத்தானுங்க மொதமொதல்ல பாத்தேன்!"

அதுவரை வாயைத் திறக்காத மருதாம்பாள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பாலாமணி பதறி எழுந்தாள். மருதாம்பாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தட்ட மாத்துங்க சம்பந்தி. இந்தப் படத்த நான் குன்னூர்லயே பாத்துட்டனுங்க. எங்க எஸ்டேட்டு அருவியில தண்ணி சில்லுனு இருக்குதுன்னு அந்த நடிகை எறங்கவே மாட்டேன்னுட்டா. படம் பூரா நீங்க விடமாட்டேன், விடமாட்டேன்னு தொரத்தறீங்களே, அந்த முதுகு எங்கூட்டுக்காரருதுங்க!"