மலைப்பாம்பு கரண்ட் மிச்சம் பிடித்தது

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அதற்குப் பல் எல்லாம் கொட்டிவிட்டது. பல் போன ராஜா எதைத் தின்னும் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லித் தொலைக்கிறேன்: கிழங்குக் கூழ். அந்தக் கூழுக்கு மாவு கொடுத்தது கொம்பையா என்ற காட்டுப்பன்றி.

கொம்பையா நேற்றுவரை சேற்றில் புரண்டு கிடந்த ஆள்தான். திடீரென்று காட்டிலுள்ள கிழங்கையெல்லாம் தோண்டி, வெயிலில் காயவைத்து, கரண்ட் மிஷினில் அரைத்து, மூட்டை மூட்டையாக அடுக்க ஆரம்பித்தது. இரண்டே வருஷம். முன்பெல்லாம் சிங்கம் வந்தால் பன்றி எழுந்து ஓடும். இப்போது பன்றி வந்தால் சிங்கம் எழுந்து, "வாங்க வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டது. கிரீடம் மட்டும் இன்னும் சிங்கத்திடம்தான் இருந்தது. பன்றிக்கு அது சைஸ் சேரவில்லை.

அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சிங்கத்தின் குகையில் எட்டு ஏசி. யானைக்குக் குளிக்க மூன்று மோட்டார். பன்றிக்கு இருபது மிஷின். பாவம், அந்த டிரான்ஸ்ஃபார்மர் என்னதான் செய்யும்? ஒரு நாளைக்கு நாலு தடவை 'டப்'பென்று நின்றது.

சிங்கம் மாநாடு கூட்டியது. "மிருகங்களே! காடே ஆபத்தில் இருக்கிறது. எல்லாரும் கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்" என்றது. பேசும்போது அதற்குப் பின்னால் ஒரு ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க தலைமுறை தலைமுறையா ஏசி போட்டுத் தூங்கினீங்க ராஜா. நாங்க இப்பத்தான் மிஷினே வாங்கியிருக்கோம். வளர்ற நேரத்துல வயித்துல அடிக்காதீங்க" என்றது கொம்பையா.

சிங்கம் சாயங்காலக் கூழை நினைத்துப் பார்த்தது. "வளர்றவங்களுக்கு மட்டும் விலக்கு" என்றது.

மற்றவர்களுக்குச் சட்டம் வந்தது. போன மாசம் செலவழித்த கரண்ட்டில் மூன்றில் ஒரு பங்கை இந்த மாசம் குறைக்க வேண்டும். குறைத்ததாகப் படிவம் எழுதிக் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர் குடியிருக்கும் இடம் பறிபோகும். யானை அன்றைக்கே ஒரு மோட்டாரை நிறுத்தி மாலை வாங்கிக்கொண்டது. சிங்கம் எட்டு ஏசியில் மூன்றை நிறுத்தி, தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டது.

இதையெல்லாம் ஒரு பாறைமேல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது சுந்தரவடிவு என்ற மலைப்பாம்பு. காட்டின் நடுவில், மர நிழல் விழாத மேட்டுப் பாறை. சுந்தரவடிவு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு காட்டுக்கோழி சாப்பிடும். பிறகு அந்தப் பாறையில் வெயில் காய்ந்து அதைச் செரிக்கும். சூடு இல்லாவிட்டால் கோழி வயிற்றிலேயே கெட்டுப்போகும், பாம்பு செத்துப்போகும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஒரு பல்பு கிடையாது. செல்போன்கூடக் கிடையாது, யார் பேசுவார்கள் மலைப்பாம்போடு?

"எனக்கு என்ன பயம்? நான் கரண்ட்டே எடுக்கலயே" என்று சந்தோஷமாக ஊர்ந்துபோய் வரிசையில் நின்றது. நின்றது என்றால் படுத்தது. அவள் ஒருத்தியே பதினாறு அடி வரிசை என்பதால் பின்னால் வந்த முள்ளம்பன்றி கத்தித் தீர்த்தது.

கவுன்டரில் இருந்தது பிச்சுமணி என்ற கீரிப்பிள்ளை. ஆமாம், பாம்பின் விண்ணப்பத்தை வாங்க கீரியைத்தான் போட்டிருந்தார்கள். ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

"போன மாசம் எவ்வளவு?" என்றது பிச்சுமணி.

"பூஜ்யம் தம்பி."

"இந்த மாசம்?"

"இதுவும் பூஜ்யம்தான்."

பிச்சுமணி பேனாவைக் கீழே வைத்தது. "என்னக்கா நீங்க, ஒண்ணுமே குறைக்கலயே!"

"எதைக் குறைக்க? நான் எடுத்தாத்தானே?"

"அதான் தப்பு. யானையைப் பாருங்க, ஆயிரம் யூனிட் குறைச்சிருக்கு. எவ்வளவு பொறுப்பான பிராணி! நீங்க ஒரு யூனிட்கூடக் குறைக்காம என்கிட்ட வந்து நிக்கிறீங்க. வெக்கமா இல்லையா?"

"அட நாசமாப்போறவனே, யானை இன்னும் ரெண்டாயிரம் எடுக்குதேடா!"

"திட்டாதீங்கக்கா. இந்தக் கட்டத்துல பூஜ்யம் எழுதக்கூடாதுன்னு கீழே போட்டிருக்கு பாருங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள கணக்கு காட்டுங்க. இல்லன்னா பாறை போயிரும்."

சுந்தரவடிவு வரிசையைவிட்டு வெளியே ஊர்ந்தது. நேராகச் சிங்கத்திடம் போய் அழுதது. சிங்கம் நல்லவிதமாகத்தான் கேட்டது; கண்கூடக் கலங்கியது. பிறகு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் தாயி" என்றது. பக்கத்து நாற்காலியில் விலக்கு வாங்கிய கொம்பையா கூழுக்கு உப்புப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தது.

கொம்பையாதான் வழி சொன்னது. "அக்கா, மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல செலவு பண்ணணும். எங்கிட்டக் கொஞ்சம் சாமான் கிடக்கு. சும்மா வச்சுக்கோங்க. காசெல்லாம் வேண்டாம்."

எவ்வளவு தங்கமான மனசு என்று நினைக்கிறீர்களா? காட்டில் கரண்ட் தேவை கூடினால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வரும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் இன்னும் இருபது மிஷின் போடலாம். பன்றி மனசு இருபது மிஷின் தூரத்துக்கு யோசித்தது.

மறுநாளே பாறைமேல் ஹீட்டர் வந்து இறங்கியது. உச்சி வெயிலில், கொதிக்கிற பாறைமேல், ஹீட்டர்! அந்தச் சூடு தாங்காமல் ஒரு ஏசி வைத்தார்கள். ஏசியில் குளிரெடுத்ததால் இன்னொரு ஹீட்டர். மாசத்துக்கு ஒரு கோழி தின்கிற வீட்டுக்கு ஃபிரிட்ஜ். உள்ளே ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே சுந்தரவடிவு பொழுதைக் கழித்தது. உரித்துப் போட்ட சட்டையைத் துவைக்க வாஷிங் மெஷினும் வந்தது. ஒரே சட்டையை ஒரு நாளைக்குப் பதினாறு தடவை துவைத்தது. மூன்றாம் நாள் சட்டை இல்லை, நுரைதான் இருந்தது. அதையும் துவைத்தது.

மாசக் கடைசியில் மீட்டர் தொள்ளாயிரம் காட்டியது. பிச்சுமணி வந்து பார்த்து, "இப்பத்தான்கா நீங்க ஒரு மனுஷியா தெரியுறீங்க" என்றது. கீரி பாம்பைப் பார்த்துச் சொல்லும் பெரிய பாராட்டு அது.

அடுத்த மாசம் ஃபிரிட்ஜை நிறுத்தி, ஒரு ஹீட்டரையும் நிறுத்தி, மீட்டரை அறுநூறில் நிறுத்தினாள் மகராசி. முந்நூறு யூனிட் மிச்சம்! காட்டிலேயே முதல் பரிசு. விழா எடுத்தார்கள். மேடை, சீரியல் விளக்கு, எட்டு ஒலிபெருக்கி. லேமினேஷன் போட்ட சான்றிதழைச் சிங்கம் கொடுத்தது. வாங்கக் கை இல்லாததால் சுந்தரவடிவு வாயால் கவ்வியது. பாறை பிழைத்தது என்று அதற்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆமைக்கும் அணிலுக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவையும் பூஜ்யங்கள்தானே! எழுந்து ஓடின. முயல் ஏசி வாங்கியது. ஆமை ஓட்டுக்குள்ளேயே ஃபேன் மாட்டியது. எறும்புகள் புற்றுக்கு லிஃப்ட் போட்டன. விழா முடிவதற்குள் எல்லாம் ஒன்றாக சுவிட்சைப் போட, டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை விக்கியது, வெடித்துச் சிதறியது.

"பெருசா ஒண்ணு போட வேண்டியதுதான்" என்றது கொம்பையா, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "மேடான இடமா, மர நிழல் விழாத இடமா இருக்கணும்."

அப்படி ஓர் இடம் காட்டில் ஒன்றுதான் இருந்தது.

"ஐயோ, என் பாறை! சான்றிதழ் இருக்கே!" என்று கதறியது சுந்தரவடிவு.

"பாறை உங்களோடதுதான்கா. யாரு இல்லன்னா? டிரான்ஸ்ஃபார்மர் அதுமேல சும்மா உட்காந்திருக்கும், அவ்வளவுதான்" என்றது பிச்சுமணி.

பாறையைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. மண்டையோடு வரைந்த பலகை வந்தது. உள்ளே பெரிய பெட்டியையும் வைத்துவிட்டார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை; கம்பி வர மூன்று மாசம் ஆகுமாம். சுந்தரவடிவு அதற்கு முந்தின நாள்தான் கோழியை விழுங்கியிருந்தது. கோழி வயிற்றில் அப்படியே கிடந்தது. எங்கே போனாலும் நிழல். குளிரில் உடம்பு விறைத்து, நியாயம் கேட்கப் போன இடத்திலேயே, கவுன்டர் வாசலில் ஊரமுடியாமல் விழுந்தது. பக்கத்தில் சான்றிதழ். அதைப் போர்த்திப் பார்த்தது. லேமினேஷன் சில்லென்று இருந்தது. இந்த இடத்தில் எனக்கே அடிவயிறு எரிகிறது, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்?

மறுநாள் காலை பிச்சுமணி கவுன்டரைத் திறந்தது. உள்ளே மிச்சம் பிடிக்கும் படிவம் நாலு கட்டு அச்சடித்தபடி கிடந்தது. கரண்ட்டே இல்லாத காட்டில் அதை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் வீண். வீணாக்கக்கூடாது என்பதுதானே மாநாட்டின் தீர்மானம்! சிங்கம் யோசித்து ஓர் ஆணை போட்டது: கரண்ட் என்ற இடத்தில் அடித்துவிட்டு 'வெயில்' என்று எழுதிக்கொள்ளவும். சட்டம் அதேதான். வெயிலுக்கு மீட்டர் இல்லாததால் அவரவர் எழுதுவதே கணக்கு; குறைத்தது போக உள்ளது எழுதினவருக்கே சொந்தம். முதலில் வந்தவருக்கு முதலில்.

முதலில் வந்தவள் வாசலிலேயே விறைத்துக் கிடந்தாள்.

"அக்கா, போன மாசம் எவ்வளவு வெயில் எடுத்தீங்க?" என்றது பிச்சுமணி.

சுந்தரவடிவு பழையபடி வாயைத் திறந்தது. உண்மையைச் சொன்னால் ஒரு பாறை அளவு வெயில். அந்த உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பூஜ்யம் எழுதிய நாள் ஞாபகம் வந்தது. உண்மையை அப்படியே விழுங்கி, கோழிக்குப் பக்கத்தில் வைத்தது.

"எல்லாத்தையும்" என்றது.

"எல்லாத்தையும்னா?"

"காட்டுல அடிச்ச மொத்த வெயிலும் நான்தான் எடுத்தேன். எழுதிக்கோ. இந்த மாசம் மூணுல ஒரு பங்கு குறைச்சுக்கிறேன்."

பிச்சுமணிக்குப் புல்லரித்துப்போனது. அதன் சர்வீசில் இவ்வளவு பெரிய மிச்சத்தை அது பார்த்ததே இல்லை. 'பொத் பொத்'தென்று முத்திரை குத்தியது. காட்டு வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு சுந்தரவடிவுக்கு. மீதி ஒரு பங்கு, மிச்சம் பிடித்த வெயில். அதை யாரும் தொடக்கூடாது.

அன்று மத்தியானமே சுந்தரவடிவு ஒரு மனுக் கொடுத்தது: "என் வெயிலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிறது." சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. பெட்டியைப் பெயர்த்துக்கொண்டுபோய்ச் சிங்கத்தின் குகை வாசலில் வைத்தார்கள். பாம்பு பாறையில் ஏறிப் படுத்தது. ஆகா, அந்தச் சூடு! மூன்றாம் நாள் கோழி செரித்தது.

நாலாம் நாள் கொம்பையா ஓடி வந்தது. தோண்டிப்போட்ட கிழங்கெல்லாம் காயவைக்க வெயில் இல்லாமல் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே சிங்கம், கையில் காலிக் கூழ்ச் சட்டி. அதற்குப் பின்னால் யானை, ஆமை, அணில் என்று வரிசை.

"அக்கா, கொஞ்சம் வெயில் விடுங்கக்கா. ஒரு முற்றம் அளவு போதும்."

சுந்தரவடிவு தலையை மெல்லத் தூக்கியது. "அதுக்கென்ன, தாராளமா. போன மாசம் எவ்வளவு வெயில் எடுத்தீங்க?"

கொம்பையா பயந்துபோனது. உள்ளதைச் சொன்னால் அதில் வெட்டிவிடுவார்களோ என்று நினைத்து, "ஒண்ணுமே எடுக்கலக்கா. பூஜ்யம்" என்றது.

"ஐயோ பாவம்" என்றது சுந்தரவடிவு. "இந்தக் கட்டத்துல பூஜ்யம் எழுதக்கூடாதே தம்பி."

அப்புறம் ஒரு ஏப்பம் விட்டு, மறுபக்கம் காயட்டும் என்று புரண்டு படுத்தது.

நீதி: மிச்சம் பிடிப்பது மிக நல்ல பழக்கம். ஆனால் அதற்கு முன்னால், உலகம் மொத்தமும் உன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.